கன்றின் விலை

(ஒலுவில் துறைமுகத்தில் மீனவரும் பட்டிக்காரரும் பல்கலைக்கழக மாணவரும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சிறுத்தையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் என் மச்சான் ஒருவர் சிரித்தார். "துறைமுகத்துக்குக் கப்பல்தான் வரவில்லை, சிறுத்தையையாவது கூட்டிக்கொண்டு வாங்க" என்றார். சாய்ந்தமருதுக்காரர்; வாய் அப்படித்தான். ஆனால் அவர் சிரித்த சிரிப்புக்குள்ளேதான் நான் இன்று பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. காட்டு மிருகத்தைப் பற்றிப் பேச எத்தனையோ மண்டபங்கள் இருக்க, இந்த அலைதடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் கூடுவோம் என்று கேட்டுக்கொண்டவன் நான்தான்.

இந்தத் துறைமுகம் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு. அவர் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் போய்ச் சேர்ந்தார். வேலை தொடங்கியது 2008இல், டென்மார்க் கடனுதவியில். 2013 செப்டம்பரில் கொடி கட்டித் திறந்தார்கள். அதன் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொன்னால், உம்மாவுக்கே ஊர்க்கதை சொன்னதுபோல் ஆகிவிடும். வாயிலை மண் மூடியது. தோணியும் இயந்திரப் படகும் உள்ளே வர முடியாமல் வெளியே நின்றன. வடக்குப் பக்கம் கரை கரைந்தது. தென்னை வேரோடு சாய்ந்தது. தோணி இழுத்துவைத்த இடத்தில் இன்று அலை நிற்கிறது.

கரைவலை இழுத்த ஒரு காக்காவிடம் இதைக் கேட்டேன். அவர் படம் எதுவும் வரையவில்லை. கையால் மட்டும் காட்டினார். "சோளகம் அடிச்சா மண் வடக்கே நடக்கும். வாடை அடிச்சா தெற்கே திரும்பும். போறது கூட, வாறது குறைய. நடக்கிற மண்ணுக்குக் குறுக்கே கல்லைப் போட்டா, தெற்கே குவியும், வடக்கே பசிக்கும்." பசிக்கும் என்றார்! கடலோர அரிப்பைப் பற்றி நான் வாசித்த எந்த அறிக்கையிலும் அவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதவில்லை. அந்தக் காக்கா படித்தது மூன்றாம் வகுப்பு.

எந்தத் திணைக்களத்தையும் குற்றம் சாட்ட நான் வரவில்லை. ஒரு இடத்தில் அன்றாடம் இழப்பவன் யாரோ, அவனுக்குத்தான் அந்த இடத்தின் நடப்பு தெரியும் என்று மட்டும் சொல்கிறேன். காட்டுக்கும் அதே கணக்குத்தான்.

முதலில் பெயரைப் பார்ப்போம். நம் மூத்தவாப்பாமார் இந்த மிருகத்தைப் புலி என்றுதான் சொன்னார்கள். இலங்கைக் காட்டில் வரிப்புலி கிடையாது. சிங்கமும் கிடையாது. இருக்கிற ஒரே பெரும்பூனை புள்ளி போட்ட சிறுத்தைதான். சிங்களத்தில் இதற்கு 'திவியா' என்பது சரியான சொல். 'கொட்டியா' என்பது புலி. ஆனாலும் விஞ்ஞானப் பெயரில் நம் தீவின் சிறுத்தைக்கு 'கொட்டியா' என்பதே நின்றுவிட்டது. பந்தெரா பார்டுஸ் கொட்டியா. பெயர் வைத்தவர் போல் தெரணியகல. பெயர்க்குழப்பம் நமக்கு மட்டும் உரியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

எங்கள் வயதுக்காரருக்கு இந்தப் பெயரில் வேறு சங்கடமும் உண்டு. யுத்தம் நடந்த இருபது, முப்பது வருஷம் 'புலி' என்ற சொல்லை இந்தக் கரையில் சத்தமாகச் சொன்னால் மூன்று பக்கமும் தலை திரும்பும். செங்காமம் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவர் சோதனைச் சாவடியில், "நேற்று ராத்திரி புலி வந்திச்சு" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு, அரை நாள் வெயிலில் உட்கார்ந்த கதை எங்கள் குடும்பத்தில் இன்றும் ஓடுகிறது. அவர் சொன்னது நாலு கால் புலி. அதை நிரூபிக்கக் கடைசியில் கன்றின் காலைக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்ததாம். ஒரு தலைமுறைக்கு அந்த மிருகத்தின் பேச்சே அறுந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பேச்சு அறுந்தால் அறிவும் அறுந்துவிடும். நம் பிள்ளைகள் ஆபிரிக்கச் சிறுத்தையைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய குமண காட்டில் அதன் உறவுக்காரர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

மிருகத்தைப் பற்றிய விபரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். ஆண் சராசரி 56 கிலோ, பெண் அதில் பாதிக்குச் சற்றுக் கூட. தனியே திரியும். மான், மரை, பன்றி, குரங்கு, முயல் எதுவும் கழியாது. ஒன்றின் புள்ளிபோல் இன்னொன்றின் புள்ளி இருக்காது. அதனால் மரத்தில் கட்டிய தானியங்கிக் கமராவின் படத்தை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள். அஞ்சலி வொட்சன், அண்ட்ரூ கிட்டில் என்ற இருவர் 2000ஆம் ஆண்டு முதல் இந்த வேலையை யாலவிலும் மலைநாட்டிலும் செய்து வருகிறார்கள். 2008இல் உலகச் செம்பட்டியலில் இதை 'ஆபத்தில் இருப்பது' என்று போட்டார்கள். 2020இல் ஒரு படி இறக்கி 'பாதிப்புக்குள்ளாகக்கூடியது' என்றார்கள். அப்போதும் தீவு முழுவதிலும் வளர்ந்தவை 800க்குள்தான் என்பது கணிப்பு. இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களோடு ஒரு ஜும்ஆவுக்கு வருகிற ஆட்களைச் சேர்த்தால் அதைத் தாண்டிவிடுவோம்.

நம் மாவட்டத்தில் இதன் வீடு எது? மேற்கே கல் ஓயா தேசியப் பூங்கா, 1954இல் அமைத்தது. சேனநாயக்க சமுத்திரத்தைச் சுற்றிய காடு. தெற்கே போனால் லகுகல, பதினைந்து சதுர கிலோமீற்றர் சொச்சம், யானைக்குப் பேர் போனது. அதற்கும் தெற்கே குமண. முன்பு யால கிழக்கு என்றார்கள். 1985இல் யுத்தத்தால் மூடி 2003இல்தான் திறந்தார்கள். குமணவுக்கு அப்பால் கும்புக்கன் ஓயாவைக் கடந்தால் யால. வரைபடத்தில் இவை தனித்தனிப் பச்சைப் பொட்டுகள். சிறுத்தைக்கு அப்படி இல்லை. ஒரு பொட்டில் பிறந்த ஆண் குட்டி வளர்ந்ததும் தாயை விட்டு வேறு இடம் தேடிப் போகவேண்டும். அது போகிற வழியில்தான் நம் வயல், சேனை, கரும்பு, மாட்டுப் பட்டி எல்லாம் இருக்கின்றன. பூங்காவுக்குள்ளே ஜீப்பும் காவலும் இருக்கிறது. வழியில் இருப்பது நாம்தான்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லவேண்டும். எனக்குப் பதினொரு வயது. பள்ளி விடுமுறைக்கு மூத்தவாப்பாவின் பட்டிக்குப் போயிருந்தேன். செங்காமத்துக்கு அப்பால், காட்டோரம். எருமையும் மாடுமாக அறுபது உருப்படி இருக்கும். பட்டியைத் தெரியாத பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ராத்திரியில் கன்றைத் தாயிடமிருந்து பிரித்து வேறாக அடைப்பார்கள். இல்லாவிட்டால் விடிவதற்குள் பாலெல்லாம் கன்றின் வயிற்றுக்குள் போய்விடும். தயிர்ச் சட்டிக்கு எதுவும் மிஞ்சாது. ஆக, மாடு வெட்டையில் படுத்திருக்கும். கன்று மட்டும் அலம்பல் வேலிக்குள், தாயில்லாமல், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். சிறுத்தையின் பக்கமிருந்து பாருங்கள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு, காவலையும் விலக்கி வைத்ததுபோல்.

அன்று ராத்திரி நான் கேட்டது உறுமல் இல்லை. யாரோ தூரத்தில் மரம் அரிகிற வாள்ச் சத்தம். முன்னும் பின்னும் இழுக்கிற மாதிரி, ஏழெட்டுத் தரம். "இந்த நேரத்தில் ஆர் மரம் அரிகிறது?" என்று கேட்டேன். வாடிக்குள் யாரும் பதில் சொல்லவில்லை. மூத்தவாப்பா எழும்பி நெருப்பில் இரண்டு கட்டையைக் கூடத் தள்ளினார். பிறகு நான் தூங்கிப்போனேன்.

விடிந்ததும் வேலியில் ஒரு சாண் அகல ஓட்டை. ஈர மண்ணில் இழுபட்ட தடம். முந்நூறு அடி தள்ளி ஒரு பற்றைக்குள் கன்று கிடந்தது. கழுத்தில் நாலு ஓட்டை. பின்தொடையில் கொஞ்சம் தின்றிருந்தது. மரத்தில் ஏற்றவில்லை. ஆபிரிக்காவில் சிங்கமும் கழுதைப்புலியும் பறித்துவிடும் என்று சிறுத்தை இரையை மரக் கவட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும். இங்கே பறிக்க ஆளில்லை. அதனால் நம் சிறுத்தை பெரும்பாலும் தரையிலேயே வைத்து ஆறுதலாகத் தின்னும். அதாவது இரைக்குத் திரும்பி வரும். அது பட்டிக்காரனுக்கும் தெரியும்.

மூத்தவாப்பா குந்தியிருந்து அந்தக் கன்றைப் பார்த்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. நாகு. பெட்டைக் கன்று. மூன்று வருஷத்தில் கன்று போட்டிருக்கும், பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பால். அவர் வாய்க்குள்ளே கணக்குப் போடுவது தெரிந்தது. பிறகு வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலை எடுத்துவரச் சொன்னார்.

அவர் ஐந்து வேளை தொழுகிறவர். பூனைக்கு வைத்த பிறகுதான் மீன் முள்ளைக் கொட்டுவார். அவர்தான் அன்று கன்றின் வயிற்றைக் கிழித்து மருந்தை ஊற்றினார். மறுநாள் இரண்டு நரி, ஒரு கீரி, எங்கள் பட்டியின் கறுத்த நாய் நாலும் செத்துக் கிடந்தன. சிறுத்தை வரவேயில்லை. அடுத்த வாரம் இன்னொரு கன்று போனது. காவலுக்கு நாயும் இல்லை.

இந்தக் கதையை நான் ஒரு கொழும்புக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு சீமாட்டி, "எவ்வளவு கொடூரம்!" என்றார். கோபம் வந்தது. அந்த நாகின் விலையை யார் கொடுத்தார்கள்? சட்டம் இருக்கிறது: 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். சிறுத்தையைக் கொன்றால் குற்றம். சரி. சட்டம் சிறுத்தையின் பக்கம் நிற்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பட்டியில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார்? சிறுத்தையின் உயிரைக் காப்பாற்றுகிற செலவை அம்பாறையின் மிகவும் வசதி குறைந்த ஒரு ஆளின் தலையில் போட்டுவிட்டு, அதன் படத்தைச் சட்டமிட்டு மாட்டிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

மனிதரைப் பிடிக்கும் என்ற பயத்தையும் பேசித்தான் ஆகவேண்டும். அதில் நம் மாகாணத்துக்கு ஒரு பேர் உண்டு. மட்டக்களப்புப் பாதையில் புணானையில் ஒரு சிறுத்தை குறைந்தது பன்னிரண்டு பேரைக் கொன்றது. 1924இல் ஷெல்ரன் ஏகர் என்ற வெள்ளைக்காரர் அதைச் சுட்டார். பஞ்சு திணித்து கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். நூறு வருஷம் ஆகிறது. இன்னும் இலங்கையில் ஆட்கொல்லிச் சிறுத்தை என்றால் எல்லோரும் சொல்வது அந்த ஒன்றைத்தான். மறுபக்கம் பாருங்கள். வருஷா வருஷம் கதிர்காமத் திருவிழாக் காலத்தில் உகந்தை முருகன் கோயிலில் கூடி, ஆயிரக்கணக்கில் அடியார்கள் குமண, யால காட்டுக்குள்ளால் கால்நடையாகப் போகிறார்கள். கிழவிகள், கைக்குழந்தைகள், செருப்பில்லாத கால்கள். சிறுத்தை மிக நெருக்கமாக வாழ்கிற காடு அது. நம்மிலும் கதிர்காமத்துப் பள்ளிவாசலுக்குப் போய்வந்த பழைய ஆட்கள் உண்டு. பாதையில் யானையைப் பற்றிப் பயந்த கதை சொல்வார்கள், கரடியைப் பற்றிச் சொல்வார்கள். சிறுத்தையைப் பற்றி, "கண்டால் அது போய்விடும்" என்பார்கள்.

ஆனால் அதைச் சுற்றி மடக்கினால் கதை வேறு. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை ஊருக்குள் வந்தது. கூட்டம் கூடியது. சூழ்ந்துகொண்டார்கள். பலரை அது காயப்படுத்தியது. கடைசியில் தடியால் அடித்தே கொன்றார்கள். உடலோடு நின்று படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். அந்தப் படத்தை வைத்தே பொலிஸ் பிடித்தது. அந்த இளைஞர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யுத்தம் முடிந்து மீளக் குடியேறிய ஊர். சிறுத்தை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் அவர்களுக்கு ஒரு நாளும் சொல்லித்தரவில்லை. விலகி நில்லுங்கள், வழி விடுங்கள், நாயைக் கட்டுங்கள், கூட்டம் சேராதீர்கள்: இந்த நாலு வார்த்தையை அன்று அந்த ஊரில் ஒரு மௌலவியோ ஐயரோ ஆசிரியரோ ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் போதும்.

இப்போது இந்த மேசையைப் பாருங்கள். இது ஒரு கம்பி. மோட்டார் சைக்கிளின் பிரேக் கேபிள். எந்தத் திருத்தகத்திலும் குப்பையில் கிடக்கும். ஒரு முனையில் சிறு வளையம் செய்து, மறுமுனையை அதற்குள்ளால் இழுத்தால், இதோ, சுருக்கு. வேலியில் பன்றி நுழைகிற ஓட்டைக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டு, மறுமுனையை மரத்தில் கட்டிவிட்டுப் போய்விடலாம். செலவு ஒன்றுமில்லை. சத்தமில்லை. கட்டுத்துவக்கைப்போல் ஆளின் காலைச் சுடாது. பன்றிக்கு வைத்தது. ஆனால் பன்றி போகிற ஓட்டையால் பன்றியைத் தேடி வருகிறதும் போகும். பன்றிக்குக் கழுத்தில் விழுகிற சுருக்கு சிறுத்தைக்கு இடுப்பில் விழும். தலையும் நெஞ்சும் நுழைந்த பிறகு இறுகும். அது முன்னே இழுக்க இழுக்க உள்ளே குடல் நசியும். வெளியே இரத்தம்கூடத் தெரியாது.

2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்ஷபானத் தோட்டத்தில் இப்படியொரு கம்பியில்தான் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. இலங்கையில் கருஞ்சிறுத்தையைக் கண்ணால் கண்டவர் மிகக் குறைவு. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்துப்போனது. மரக்கறிப் பாத்திக்குப் பன்றி வராமல் இருக்க யாரோ வைத்த கம்பி. மலைநாட்டில் சிறுத்தை தேயிலைக்குள்ளும் தோட்டத்தை ஒட்டிய காட்டுத் துண்டிலும் வாழ்கிறது. அதன் அயலவர்கள் லயத்தில் வாழ்கிற நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுக்குப் பாத்தியைக் காக்க வேறு வழி காட்டாமல் கம்பியை எடுக்கச் சொல்வது வீண் பேச்சு.

இந்தக் கம்பி நம் பக்கமும் இருக்கிறது. எங்கே என்று நான் சொல்லவில்லை. உங்களில் பலருக்கு என்னைவிடத் தெரியும்.

சரி, இழப்பவன் தலையில் விழுகிற பாரத்தை யாராவது எங்காவது இறக்கியிருக்கிறார்களா? இறக்கியிருக்கிறார்கள். பாகிஸ்தானின் வடக்கே, பல்திஸ்தான் மலையில் ஸ்கோயோ என்று ஒரு கிராமம். நம்மைப்போல் முஸ்லிம் ஊர். ஆடு மேய்ப்பவர்கள். அங்கே ஆட்டைப் பிடிப்பது பனிச்சிறுத்தை. 1999இல் ஷஃப்கத் ஹுசைன் என்பவர் அங்கே ஒரு காப்புறுதியைத் தொடங்கினார். ஒவ்வொரு குடும்பமும் ஆட்டுக்கு இவ்வளவு என்று வருஷத்துக்கு ஒரு சிறு தொகை கட்டும். பனிச்சிறுத்தையைப் பார்க்க வருகிற பயணிகளின் காசில் ஒரு பங்கும் அதோடு சேரும். ஆடு போனால் ஊர்க்குழு போய்ப் பார்த்து, பணத்தைக் கொடுக்கும். இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் கிப்பர் என்ற ஊரிலும் 2002இல் இதே மாதிரி வைத்தார்கள். அங்கே யாக் மாடு, குதிரை.

காப்புறுதி என்றதும் முகம் சுளிக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. வட்டி, கம்பனி, படிவம். நான் சொல்வது அது இல்லை. நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜனாஸா நலன்புரிச் சங்கம் இருக்கிறது. தமிழ் ஊர்களில் மரணாதார சங்கம். மாதம் ஒரு தொகை கட்டுகிறோம். மௌத்து நடந்தால் கபன் துணியிலிருந்து பந்தல் வரை சங்கம் பார்க்கும். செத்தவர் உண்மையிலேயே செத்தாரா என்று எந்தக் கம்பனி அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை, ஊருக்குத் தெரியும். ஸ்கோயோக்காரர் செய்தது ஆட்டுக்கு ஒரு மரணாதார சங்கம். அரசாங்க நஷ்டஈட்டில் இல்லாத ஒரு சூட்சுமம் அதில் இருக்கிறது. போடுகிற காசு அயலவன் காசு. அதனால் நோயில் செத்த ஆட்டைச் சிறுத்தையின் கணக்கில் எழுத யாருக்கும் மனம் வராது. எழுதினாலும் அயலவன் விடமாட்டான்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொத்துவில், லகுகல பக்கம் நாற்பது பட்டிகள் ஒரு சங்கமாகச் சேர்கின்றன. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று பார்க்காமல். சிறுத்தை அதைப் பார்ப்பதில்லையே. ஒவ்வொரு பட்டியும் மாதத்துக்கு இரண்டு தயிர்ச் சட்டியின் விலையைப் போடுகிறது. உகந்தை வாசலால் குமணவுக்குப் போகிற சபாரி ஜீப்புகள் ஒரு பயணத்துக்கு ஒரு சிறு தொகை. அறுகம்பைக்கு வருகிற வெள்ளைக்காரர் அலைச்சறுக்குக்குப் பிறகு சிறுத்தை பார்க்கத்தான் ஜீப் ஏறுகிறார். அவர் பார்க்கிற சிறுத்தையை வளர்த்ததில் அந்த நாகுக்கும் ஒரு பங்கு உண்டு.

காசுக்கு முன்னால் கூடு. யாலவின் எல்லையில் மாட்டுக்காரர்களுக்கு இரும்புக் குழாயும் வலையும் கொண்ட கன்றுக் கூடுகளைக் கொடுத்திருக்கிறார்கள். கழற்றி வேறு இடத்தில் பூட்டலாம். மேய்ச்சலைத் தேடி இடம் மாறுகிற பட்டிக்கு அது முக்கியம். அலம்பல் வேலி ஒரு சிறுத்தைக்கு ஒரு நிமிஷ வேலை. இரும்புக் கூட்டைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு மானைத் தேடிப் போய்விடும். மூத்தவாப்பாவுக்கு அப்படி ஒரு கூடு இருந்திருந்தால் அந்த மருந்துப் போத்தல் வயலிலேயே இருந்திருக்கும்.

கூட்டங்களில் வழக்கமாக எழும் ஒரு குரல் உண்டு: "பிடித்துக்கொண்டு போய் வேறு காட்டில் விடுங்களேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மகாராஷ்டிராவில் ஜுன்னர் என்ற இடத்தில் 2001 தொடக்கம் 2003 வரை அதைத்தான் செய்தார்கள். கரும்புத் தோட்டத்துக்குள் வாழ்ந்த சிறுத்தைகளைக் கூடு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விட்டார்கள். மனிதர் மேல் தாக்குதல் குறையவில்லை, கூடியது. வித்யா அத்ரேயா என்ற ஆய்வாளர் இதைத் தொடர்ந்து பார்த்து எழுதினார். ஊருக்கும் ஆட்களுக்கும் பழகிய சிறுத்தையை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. பழக்கமில்லாத இன்னொன்று வரும். கொண்டுபோய் விட்டதும் அங்கே இருக்காது. தன் இடத்தைத் தேடி, தெரியாத ஊர்களுக்குள்ளால், பயந்துபோய் அலையும். நம் யானைகளைக் கல் ஓயாவிலிருந்து அங்கும் இங்குமாக விரட்டிப் பார்த்த நமக்கு இது புதுப் பாடம் இல்லை.

வேறு வழி காட்டியவர்களும் உண்டு. கென்யாவில் மசாய் இளைஞர்கள் ஒரு காலத்தில் சிங்கத்தைக் கொன்றுதான் ஆண்பிள்ளை என்று பேர் எடுப்பார்கள். 2007 முதல் அம்போசெலிப் பக்கம் அதே இளைஞர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். சிங்கத்தின் அடியைப் பார்த்துப் பின்தொடர்வதும், "இன்று இந்தப் பக்கம் மாட்டை விடாதே" என்று மேய்ப்பர்களுக்குச் சொல்வதும், தவறிய கன்றைத் தேடிக் கொடுப்பதும் அவர்கள் வேலை. சிங்கத்துக்கு மசாய்ப் பெயர்களே வைத்திருக்கிறார்கள். பேர் வைத்த மிருகத்தைக் கொல்லக் கை வராது. குர்பானிக்குக் கட்டிய ஆட்டுக்குப் பேர் வைக்கவேண்டாம் என்று உம்மாமார் பிள்ளைகளுக்குச் சொல்வது ஏன் என்று நினைக்கிறீர்கள்? நம் பட்டிகளில் தடம் பார்க்கத் தெரிந்த பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். கையில் தொலைபேசியும் இருக்கிறது. அதைச் சம்பளமுள்ள வேலையாக்க யாரும் யோசிக்கவில்லை.

மார்க்கம் தெரிந்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். நான் ஆலிம் இல்லை. ஆனாலும் ஒன்றை நினைவூட்டலாம். சிறுத்தைத் தோலை விரித்து அதன்மேல் சவாரி செய்வதை நபியவர்கள் தடுத்ததாக அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் அறிவிப்பு இருக்கிறது. காரணம் பலர் பலவாகச் சொல்வார்கள், பெருமையடிப்பது ஒன்று. அரேபியாவில் 'ஹிமா' என்று ஒரு வழக்கமும் இருந்தது. மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, இன்ன காலம், இன்ன ஆட்களின் மாடு என்று வரையறுத்து ஊரே காப்பது. லெபனானில் 2004 முதல் அதை மறுபடி உயிர்ப்பித்திருக்கிறார்கள். சலாலாவில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் நம்மில் பலர். அந்த ஊருக்குக் கிழக்கே ஜபல் சம்ஹான் மலையில் அரபுச் சிறுத்தை இன்னும் இருக்கிறது. 1997இல் அதைக் காப்பகமாக்கினார்கள். காவலுக்கு வைத்தது வெளியாட்களை இல்லை, அந்த மலையிலேயே ஆடும் ஒட்டகமும் மேய்க்கிற கோத்திரத்து ஆட்களை.

மேய்ச்சல் என்றதும் சிலர் வட்டமடு என்று முணுமுணுப்பது கேட்கிறது. ஆம், அதைத் தொடாமல் போகமுடியாது. பட்டிக்காரருக்கு மேய்ச்சல் தரை, விவசாயிக்கு வயல், திணைக்களத்துக்கு ஒதுக்குக் காடு. ஒரே நிலம், மூன்று உரித்து. தமிழர், முஸ்லிம் என்ற பிரச்சினையாக அதைப் பெருக்குவதில் அரசியல்வாதிகளுக்கு லாபம் இருந்தது. மேய்ச்சல் இல்லாத மாடு காட்டுக்குள் போகும். காட்டுக்குள் போன மாடு மானின் புல்லைத் தின்னும், சிறுத்தையின் வாயில் விழும். சிறுத்தையைக் காப்பது பற்றி அம்பாறையில் பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்தில் மேய்ச்சல் தரையில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். அந்த நிலத்தில் யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. மூன்று தரப்பும் ஒரே பாயில் இருந்து பேசாமல் அது தீராது என்று மட்டும் தெரியும்.

குப்பையையும் சொல்லிவிடுகிறேன், அது நம் கையில்தான் இருக்கிறது. பள்ளக்காட்டில் நம் ஊர்களின் குப்பையைக் கொட்டுகிறோம். அங்கே யானை பொலித்தீன் தின்று சாவதை 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. எட்டு வருஷத்தில் இருபதளவில் செத்ததாக எழுதினார்கள். குப்பை இருக்கிற இடத்துக்குப் பன்றி வரும், கட்டாக்காலி நாய் பெருகும். பன்றி பெருகினால் கம்பி பெருகும். சிறுத்தைக்கு நாய் மிகவும் பிடித்த இரை. மும்பாயில் காட்டோரக் குடியிருப்புகளுக்குள் அது வருவதே நாய்க்காகத்தான். கல்முனை வீட்டில் கட்டி எறிகிற ஒரு பை, எத்தனை கை மாறி அந்தக் காட்டுக்குள் என்ன செய்கிறது பாருங்கள்.

இன்னும் பேசலாம். ஆனால் நான் பட்டியை விட்டு நாற்பது வருஷம் ஆகிறது. பேசுவதெல்லாம் பாதி ஞாபகம், பாதி புத்தகம். கடைசி வரிசையில், கல்லுக்குப் பக்கத்தில், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் இருக்கிறார்கள். செங்காமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். அதில் மூத்தவருக்குப் போன மாதம் ஒரு கன்று போயிருக்கிறது. வரும்போது என்னிடம் சொன்னார். மருந்து வைக்கவில்லையாம். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள். மஃரிபுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. தம்பி, அந்த ஒலிவாங்கியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.